எட்டரை ஆண்டு ஆட்டம்

கல்லூரியில் ஜான் இஸ்னரை வீழ்த்திய சோம்தேவ் தேவ்வர்மன், 31 வயதில் மட்டையைக் கீழே வைத்தது ஏன்?

2007 மே மாதக் கடைசி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊர். விம்பிள்டனில் புள்ளி முடியும்வரை வாய் திறக்காமல் காத்திருப்பார்கள். கல்லூரி டென்னிஸில் அந்த வழக்கமெல்லாம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்லிக் கத்துவார்கள், எதிராளி தவறு செய்தால் அதற்கும் ஆரவாரம் செய்வார்கள். அன்றைக்கு அந்த ஆரவாரம் முழுவதும் ஒருவர் பக்கம்தான் இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சொந்தப் பிள்ளை ஜான் இஸ்னர். உயரம் 208 செ.மீ. அவர் கைதூக்கி அடிக்கும் சர்வ், தரையில் பட்டு எதிராளியின் தோளுக்கு மேலே எழும்பும். சில நாள்களுக்கு முன்புதான் அதே ஊரில், அதே மைதானத்தில், ஜார்ஜியா அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றிருந்தது.

வலைக்கு மறுபக்கம் நின்றவர் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர் சோம்தேவ் தேவ்வர்மன். உயரம் 180 செ.மீ. குவாஹாட்டியில் பிறந்து, சென்னையில் மட்டை பிடிக்கக் கற்றவர். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸின் ஒற்றையர் இறுதிப் போட்டி அது. முதல் செட் டை-பிரேக்கில் சோம்தேவுக்கு. இரண்டாவது 6-4 என்று இஸ்னருக்கு. மூன்றாவதும் டை-பிரேக்குக்குப் போனது. இஸ்னரைப் போன்ற சர்வ் உள்ளவருக்கு டை-பிரேக் என்றால் பாதி வெற்றி கையில் இருப்பதுபோலத்தான். அந்த ஊரில், அந்தக் கூட்டத்தின் முன்னால், சோம்தேவ் அதையும் வென்றார்: 7-6, 4-6, 7-6.

இருவரும் 1985இல் பிறந்தவர்கள். இரண்டரை மாதம்கூட வித்தியாசம் இல்லை. அதன்பின் இஸ்னர் 2023 வரை ஆடினார், உலகத் தரவரிசையில் 8ஆம் இடத்தைத் தொட்டார். சோம்தேவ் தொட்ட உச்சம் 62. 2017 ஜனவரி 1 அன்று, 32ஆவது பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஓய்வை அறிவித்தார். கல்லூரியில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேரின் பாதைகள் இவ்வளவு விலகியது எங்கே?

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், தமிழ்நாட்டு இளைஞர் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் இந்தியாவுக்காக முதன்முறையாகக் களம் இறங்கினார். தரவரிசையில் தன்னைவிட நானூறு இடங்களுக்கு மேல் முன்னால் இருந்த சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மை நேர் செட்களில் தோற்கடித்தார். இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய மண்ணில் 1993க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் டேவிஸ் கோப்பை வெற்றி. தக்‌ஷிணேஸ்வர் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடி வளர்ந்தவர். அந்த அணி 2025இல் தேசியக் கல்லூரிப் பட்டத்தையும் வென்றிருக்கிறது.

அந்த வெற்றி, தமிழ்நாட்டின் டென்னிஸ் பயிற்சி மையங்களில் பெற்றோர் பேசும் பழைய பேச்சுக்கு மறுபடியும் உயிர் கொடுத்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்புவதா, நேராகத் தொழில்முறை ஆட்டத்தில் இறக்குவதா? நான்கு வருடம் கல்லூரியில் கழிந்தால் ஆட்டம் பின்தங்கிவிடாதா? படிப்பை விட்டு இறங்கி, ஒரு காயம் பட்டால் பிள்ளையின் கதி என்ன?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் வாழ்ந்தே பார்த்தவர் சோம்தேவ். பெற்றோரும் சங்கங்களும் அரசும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அவருடைய எட்டரை ஆண்டுத் தொழில்முறை ஆட்டம்.

குவாஹாட்டி, சென்னை, சார்லட்ஸ்வில்

திரிபுராவைச் சேர்ந்த குடும்பம். சிறுவயதிலேயே சென்னைக்கு வந்த சோம்தேவ், சேத்துப்பட்டில் உள்ள மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பள்ளியில் படித்தார். ஒன்பது வயதில் டென்னிஸ். பதின்ம வயதின் கடைசியில் ஃபியூச்சர்ஸ் எனப்படும் அடிமட்டத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிப் பார்த்துவிட்டு, வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லுக்குக் கிளம்பினார். பாடம் சமூகவியல். பயிற்சியாளர் பிரையன் போலண்ட்.

அங்கே அவருக்குக் கிடைத்தது பட்டப்படிப்பு மட்டும் இல்லை. உணவு, உடற்பயிற்சி, மருத்துவம், பயணம் எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ள, ஒரு வாலிபன் தன் உடம்பையும் ஆட்டத்தையும் அவசரமில்லாமல் வளர்த்துக்கொள்ள நான்கு ஆண்டுகள் கிடைத்தன. 2006இல் கல்லூரி ஒற்றையர் இறுதியில் தோல்வி. 2007இல் இஸ்னரை வீழ்த்திப் பட்டம். 2008இல் ஜே.பி. ஸ்மித்தை வீழ்த்தி மறுபடியும் பட்டம். அந்தக் கடைசிப் பருவத்தில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

> பெட்டிச் செய்தி: ஒரே பார்வையில் சோம்தேவ்
>
> • பிறப்பு: 1985 பிப்ரவரி 13, குவாஹாட்டி
>
> • அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம்: 2007, 2008
>
> • ஏ.டி.பி. எனப்படும் ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் இறுதிப் போட்டிகள்: சென்னை 2009, ஜோகன்னஸ்பர்க் 2011. இரண்டிலும் இரண்டாம் இடம்
>
> • காமன்வெல்த் போட்டி, டெல்லி 2010: ஒற்றையர் தங்கம்
>
> • ஆசியப் போட்டி, குவாங்சோ 2010: ஒற்றையர் தங்கம், இரட்டையர் தங்கம், அணிப் பிரிவில் வெண்கலம்
>
> • உச்சத் தரவரிசை: 62 (2011 ஜூலை)
>
> • அர்ஜுனா விருது 2011, பத்மஸ்ரீ 2018
>
> • ஓய்வு: 2017 ஜனவரி 1

நுங்கம்பாக்கம் கொடுத்த வாய்ப்பு

கல்லூரியை முடித்த கையோடு, 2008 ஜூலையில் ஏ.டி.பி. போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் போட்டி ஒன்றை அமெரிக்காவின் லெக்சிங்டனில் வென்றார். ஆனாலும் அந்த ஆண்டு முடியும்போது தரவரிசையில் 200ஐ ஒட்டித்தான் இருந்தார். அந்த இடத்தில் இருப்பவருக்கு ஏ.டி.பி. போட்டிகளின் பிரதானச் சுற்றில் நேரடி அனுமதி கிடைக்காது. தகுதிச் சுற்று ஆட வேண்டும், அல்லது போட்டியை நடத்துபவர்கள் வைல்டு கார்டு தர வேண்டும்.

2009 ஜனவரியில் சென்னை ஓபன் அந்த வைல்டு கார்டைக் கொடுத்தது. நுங்கம்பாக்கம் மைதானத்தில், உலகின் முன்னாள் முதல்நிலை வீரரும் இரண்டு முறை சென்னைப் பட்டம் வென்றவருமான கார்லோஸ் மோயாவை எதிர்கொண்டார். முதல் செட்டைப் பறிகொடுத்தார். பிறகு ஒவ்வொரு பந்தையும் ஓடித் துரத்தித் திருப்பிக்கொண்டே இருந்து, அடுத்த இரண்டு செட்களையும் வாங்கினார். காலிறுதியில் 211 செ.மீ. உயர இவோ கார்லோவிச். உயரமான சர்வ்காரர்களைச் சமாளிப்பதில் கல்லூரிக் காலப் பழக்கம் கைகொடுத்தது. அரையிறுதியில் ரெய்னர் ஷூட்லர் மணிக்கட்டுக் காயத்தால் விலகினார். சென்னை ஓபன் ஒற்றையர் இறுதிக்குப் போன முதல் இந்தியர் என்று சோம்தேவ் களம் இறங்கியபோது எதிரே நின்றவர் இருபது வயது மாரின் சிலிச், பின்னாளில் அமெரிக்க ஓபனை வென்றவர். 4-6, 6-7 என்று சோம்தேவ் தோற்றார்.

அந்த ஒரு வாரம் கொடுத்த 150 புள்ளிகள்தான் அவரை அடுத்த படிக்கு ஏற்றின. அதே ஆண்டு தகுதிச் சுற்று ஆடி அமெரிக்க ஓபனுக்குள் நுழைந்து முதல் சுற்றையும் வென்றார். செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் ரிக் டி வோஸ்ட்டிடம் முதல் இரண்டு செட்களை இழந்தும் ஐந்தாவது செட்டில் வென்றார். 11 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா டேவிஸ் கோப்பையின் உச்சப் பிரிவான உலகப் பிரிவுக்குத் திரும்பியது அந்த வெற்றியால்தான்.

பொன்னான பதினோரு மாதங்கள்

2010 செப்டம்பரில் தொடங்கிய காலம், சோம்தேவின் வாழ்க்கையிலேயே உச்சம். அந்த மாதம் சென்னையில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் முதல் நாளே இந்தியா 0-2 என்று பின்தங்கியது. இரட்டையர் ஆட்டம் ஒன்றை மீட்டது. மூன்றாம் நாள் சென்னை வெயிலில் சோம்தேவின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், முதல் செட்டை இழந்த தாமஸ் பெலூச்சி இரண்டாவது செட்டின் நடுவிலேயே விலகிக்கொண்டார். அடுத்து ரோகன் போபண்ணா வென்று 3-2 என்று முடித்துவைத்தார்.

அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் தங்கம். நவம்பரில் குவாங்சோ ஆசியப் போட்டி. இறுதியில் உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமினை 6-1, 6-2 என்று புரட்டிப்போட்டார். ஆசியப் போட்டியின் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர். இரட்டையரிலும் தங்கம். அதில் கூட ஆடிய சனம் சிங்கும் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்தான்.

2011 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் ஏ.டி.பி. போட்டியின் இறுதி. எதிராளி, இலினாய் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்த கெவின் ஆண்டர்சன். முதல் செட்டை சோம்தேவ் வென்றார், ஆட்டத்தை ஆண்டர்சன் வென்றார். மார்ச்சில் டேவிஸ் கோப்பையின் நடப்பு வாகையரான செர்பியாவின் சொந்த மண்ணில் யான்கோ டிப்சரேவிச்சை நேர் செட்களில் வீழ்த்தினார். அணி தோற்றாலும் அந்த வெற்றி பேசப்பட்டது. அதே மாதம் இண்டியன் வெல்ஸில் மார்கோஸ் பக்தாதிஸை வென்று நான்காம் சுற்றுவரை போனார். அங்கே ரஃபேல் நடால் 7-5, 6-4 என்று தடுத்தார். ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும், நடாலை உழைக்கவைத்துத்தான் விட்டார். ஜூலையில் தரவரிசை 62.

1998இல் லியாண்டர் பயஸ் தொட்ட 73க்குப் பிறகு இந்திய ஆண் ஒருவர் ஒற்றையரில் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அவருக்குப் பின் வந்தவர்களின் உச்சத்தையும் பாருங்கள்: சுமித் நாகல் 68, பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 75, யூகி பாம்ப்ரி 83.

தோள் சொன்ன கணக்கு

சோம்தேவின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவர் புள்ளியைச் சும்மா வாங்கவே மாட்டார். இஸ்னர் இரண்டு அடியில் முடிக்கும் புள்ளிக்கு அவருக்குப் பத்து, பதினைந்து அடி தேவைப்படும். கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்று, இடமும் வலமும் ஓடி, எதிராளி சலித்துத் தவறு செய்யும்வரை திருப்பிக்கொண்டே இருப்பார். அபாரமான மன உறுதி தேவைப்படும் ஆட்டம். ஆனால் அதற்கான கூலியை உடம்பிடம் கேட்கும் ஆட்டமும்கூட.

சர்வ் செய்யும்போது தோளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பந்தை மேலே எறிந்ததும் கை முழுவதுமாகப் பின்னால் வளைகிறது. அடுத்த நொடிப்பொழுதில் முன்னால் சீறுகிறது. வேகத்தைக் கொடுப்பவை மார்பும் முதுகும் சேர்ந்த பெரிய தசைகள். பந்தை அடித்து முடித்ததும் அந்த வேகத்தை நிறுத்தியாக வேண்டுமே? அந்த வேலை தோள்பட்டையின் பின்புறம் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளின் தலையில் விழுகிறது. மூன்று செட் ஆட்டமொன்றில் எண்பது, நூறு சர்வ். பயிற்சியில் அதைவிட அதிகம். வாரம் ஒரு நாடு, மாதம் ஒரு கண்டம் என்று ஓடும்போது அந்தத் தசைகள் ஆறுவதற்கு நேரம் இல்லை.

2011இன் கடைசியில் சோம்தேவின் வலது தோள் மறுத்துவிட்டது. 2012இன் முதல் பாதி முழுக்க வீணானது. டென்னிஸ் தரவரிசையில் ஒரு புள்ளியின் ஆயுள் 52 வாரம். ஜோகன்னஸ்பர்க் இறுதி கொடுத்த 150 புள்ளியும் இண்டியன் வெல்ஸ் நான்காம் சுற்று கொடுத்த 90 புள்ளியும், அவர் மட்டையைத் தூக்க முடியாமல் இருந்த நாள்களில் கணக்கிலிருந்து கழிந்துபோயின. ஓராண்டு முன்பு 62இல் இருந்தவர் 500க்கும் அப்பால் சரிந்தார். லண்டன் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தும் முதல் சுற்றிலேயே பின்லாந்தின் யார்க்கோ நியமினனிடம் தோற்றார்.

அவர் மீண்டு வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 ஆஸ்திரேலிய ஓபனில் யெர்சி யானோவிச்சுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்று, ஐந்தாவது செட்டில் 5-7 என்று ஆட்டத்தை இழந்தார். பிரெஞ்சு ஓபனில் முதல் சுற்று வென்று ரோஜர் ஃபெடரரைச் சந்தித்தார். மயாமியில் மூன்றாம் சுற்றில் நோவக் ஜோகோவிச். 2014, 2015 இரண்டு ஆண்டுகளும் டெல்லி ஓபன் சேலஞ்சரை வென்றார். முதல் நூறுக்குள்ளும் திரும்பினார். ஆனால் முப்பதை நெருங்கும் உடம்பை வைத்துக்கொண்டு ஒருமுறை ஏறிய மலையை மறுபடியும் அடியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. தரவரிசை மறுபடியும் இறங்கியது. இம்முறை திரும்பவில்லை.

> பெட்டிச் செய்தி: யாருக்குக் கட்டுப்படியாகிறது?
>
> • சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, ஆண்களில் ஏறத்தாழ 336ஆம் இடம்வரை இருப்பவருக்குத்தான் வரவும் செலவும் சரிக்கட்டியது. பயிற்சியாளர் சம்பளம் அந்தச் செலவில் சேரவில்லை.
>
> • காயத்தால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒதுங்கியவர், காயம் பட்ட முதல் மூன்று மாதங்களின் சராசரி இடத்தைச் சார்ந்த ‘பாதுகாக்கப்பட்ட தரவரிசை’யைக் கேட்டுப் பெறலாம். அதைக் காட்டிக் குறிப்பிட்ட சில போட்டிகளில் மட்டும் நுழையலாம். இழந்த புள்ளிகள் திரும்பி வராது.
>
> • 2024இல் ஏ.டி.பி. கொண்டுவந்த திட்டத்தில், முதல் 100 பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை 1.5 லட்சம், 176 முதல் 250 வரை 75 ஆயிரம் என்று தொடக்கத்தில் குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்பட்டது. காயம் பட்டவர்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சோம்தேவ் ஆடிய காலத்தில் இது இல்லை.

களத்துக்கு வெளியே ஒரு போராட்டம்

காயத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவர் இன்னொரு சண்டையையும் கையில் எடுத்தார். 2013 தொடக்கத்தில் எட்டு முன்னணி வீரர்கள் அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். டேவிஸ் கோப்பைப் பரிசுத்தொகையில் நியாயமான பங்கு, நல்ல மருத்துவ, பயிற்சி உதவியாளர்கள், முடிவுகளில் வீரர்களின் கருத்துக்கு இடம் என்பவை அவர்கள் கேட்டவை. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் சோம்தேவ். உடன்பாடு ஏற்படாமல், தென்கொரியாவுக்கு எதிராக இரண்டாம் நிலை அணியை வைத்து ஆடிய இந்தியா டெல்லியில் 1-4 என்று தோற்றது. அந்தப் போராட்டத்திலிருந்து இந்திய டென்னிஸ் வீரர்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது.

கேட்டது எதுவும் ஆடம்பரம் இல்லை. தோள் வலித்தால் உடனே பார்க்க ஆள் வேண்டும், பயணக் களைப்பு தீர இடம் வேண்டும் என்று வீரன் கேட்பது அவனுடைய தொழிலின் அடிப்படை. கல்லூரியில் கேட்காமலே கிடைத்தவை, தேசிய அணியில் போராடிக் கேட்க வேண்டியவையாக இருந்தன.

2014இல் இன்னொரு தர்மசங்கடம். இன்ச்சான் ஆசியப் போட்டிக்குப் போவதா, புள்ளிகளைக் காப்பாற்ற ஏ.டி.பி. போட்டிகளில் ஆடுவதா? ஆசியப் போட்டியில் தரவரிசைப் புள்ளி கிடையாது. நடப்பு வாகையரான சோம்தேவ் போகவில்லை. பயஸும் போபண்ணாவும்கூடப் போகவில்லை. தேசப்பற்றில்லை என்று விமர்சனம் கிளம்பியது. நாட்டுக்காக டேவிஸ் கோப்பையில் ஐந்து செட் ஐந்து செட்டாக உழைத்த ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னது அநியாயம். பிழைப்பா, நாடா என்று ஒரு வீரனைத் தேர்ந்தெடுக்கவைக்கும் கால அட்டவணையைத்தான் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இஸ்னருக்கும் ஆண்டர்சனுக்கும் கிடைத்தது

2018 ஜூலை 13. விம்பிள்டன் ஆண்கள் அரையிறுதி. ஆறு மணி 36 நிமிடம் நீடித்து, கடைசி செட்டில் 26-24 என்று முடிந்த ஆட்டம். ஆடியவர்கள் ஜான் இஸ்னரும் கெவின் ஆண்டர்சனும். ஒருவரைக் கல்லூரி இறுதியில் சோம்தேவ் வென்றிருக்கிறார். இன்னொருவரிடம் ஏ.டி.பி. இறுதியில் ஒரு செட் வாங்கித் தோற்றிருக்கிறார். அந்த மாதம்தான் இருவருமே தங்கள் தரவரிசை உச்சத்தைத் தொட்டார்கள். ஆண்டர்சன் 32 வயதில் 5ஆம் இடம். இஸ்னர் 33 வயதில் 8ஆம் இடம். சோம்தேவ் ஓய்வு பெற்று அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

உயரமும் சர்வும் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய பங்கு அதற்கு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டர்சனும் காயங்களால் நொறுங்கியவர்தான். 2017இன் தொடக்கத்தில் தரவரிசையில் 80ஐ ஒட்டிச் சரிந்தவர், அதே ஆண்டு அமெரிக்க ஓபன் இறுதியில் நின்றார். இஸ்னரோ, கல்லூரியை விட்டு வந்த சில வாரங்களிலேயே வைல்டு கார்டு பெற்று வாஷிங்டன் ஏ.டி.பி. போட்டியில் ஆடி இறுதிவரை போனவர். அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் ஃபியூச்சர்ஸ், சேலஞ்சர், ஏ.டி.பி. என்று படிப்படியாகப் போட்டிகள் உண்டு. காயத்திலிருந்து திரும்புகிறவர் விமானம் ஏறாமலே பத்து வாரம் ஆடிப் புள்ளி சேர்க்கலாம்.

கல்லூரி டென்னிஸ் தேறாது, நான்கு ஆண்டு வீண் என்ற வாதம் இந்த அரையிறுதியோடு அடிபட்டுப் போகிறது. 2022இல் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்ற பென் ஷெல்டன், அடுத்த ஆண்டே அமெரிக்க ஓபன் அரையிறுதியில் ஆடினார். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கேமரன் நாரி 8ஆம் இடம்வரை போனார். சோம்தேவ் படித்த வர்ஜீனியாவிலிருந்தே டேனியல் காலின்ஸ் 2022 ஆஸ்திரேலிய ஓபன் பெண்கள் இறுதிக்குப் போனார். இன்று முதல்நிலைக் கல்லூரி வீரர்கள் 20 பேருக்குச் சேலஞ்சர் போட்டிகளில் இடம் ஒதுக்கும் திட்டத்தை ஏ.டி.பி.யே நடத்துகிறது. கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் நடுவே இருந்த பள்ளத்துக்குப் பாலம் போட்டுவிட்டார்கள். சோம்தேவ் அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துத்தான் வந்தார்.

> பெட்டிச் செய்தி: அதே வழியில் வந்த இந்தியர்கள்
>
> • மகேஷ் பூபதி: மிசிசிப்பி பல்கலைக்கழகம். 1995இல் கல்லூரி இரட்டையர் பட்டம்
>
> • சனம் சிங்: வர்ஜீனியா. 2010 ஆசியப் போட்டி இரட்டையர் தங்கம்
>
> • சாகேத் மைனேனி: அலபாமா. 2014 ஆசியப் போட்டியில் சானியா மிர்சாவுடன் கலப்பு இரட்டையர் தங்கம்
>
> • ஜீவன் நெடுஞ்செழியன்: வாஷிங்டன் பல்கலைக்கழகம். சென்னைக்காரர், இரட்டையர் ஆட்டக்காரர்
>
> • பிரஜ்னேஷ் குணேஸ்வரன்: டென்னசியில் சில காலம் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பிய சென்னைக்காரர். முழங்கால் காயங்களால் ஆண்டுகளை இழந்தும் 2019இல் 75ஆம் இடம்
>
> • தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ்: வேக் ஃபாரஸ்ட். 2025 கல்லூரி அணிப் பட்டம்

நாம் இழந்த ஏணி

சோம்தேவ் ஓய்வை அறிவித்த மறுநாள், 2017 ஜனவரி 2 அன்று, சென்னை ஓபன் தொடங்கியது. இந்த நகரம் நடத்திய கடைசி ஆண்கள் ஏ.டி.பி. போட்டி அதுதான். 1997 முதல் 21 ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் நடந்த போட்டி புனேவுக்குப் போனது. 2023க்குப் பிறகு அங்கேயும் இல்லை. இந்தியாவில் இன்று ஏ.டி.பி. சுற்றுப்பயணப் போட்டி ஒன்றுகூடக் கிடையாது. சேலஞ்சர்கள் உண்டு. பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி 2022இலும் 2025இலும் சென்னைக்கு வந்தது, மகிழ்ச்சி. ஆனால் 200ஆம் இடத்தில் இருக்கும் ஓர் இந்தியப் பையனுக்கு மோயாவோடும் சிலிச்சோடும் ஆடிப் பார்க்க வாய்ப்பு தரும் வைல்டு கார்டைக் கொடுக்க உள்நாட்டில் இப்போது மேடை இல்லை. சோம்தேவை உலகத்துக்குக் காட்டிய அந்த ஒரு வாரம், அவருக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இந்தக் கதையின் மிகப் பெரிய இழப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஓய்வு பெற்ற ஆண்டே மத்திய விளையாட்டு அமைச்சகம் சோம்தேவை டென்னிஸுக்கான தேசியப் பார்வையாளராக நியமித்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. கௌரவங்களைக் கொடுக்க நாம் தாமதிக்கவில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்தபோது வேண்டியிருந்ததைக் கொடுக்கத்தான் தவறினோம்.

பெற்றோருக்கும் ஆட்சியாளர்களுக்கும்

பெற்றோரின் கேள்விக்குச் சோம்தேவின் வாழ்க்கை தெளிவான பதிலைத் தருகிறது. பதினெட்டு வயதில் உலகின் முதல் 200க்குள் நுழையும் நிலையில் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி நல்ல வழி. செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க, உடம்பு முதிர நேரம் கிடைக்கிறது, தோற்றாலும் கையில் பட்டம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆண்கள் டென்னிஸில் ஒரு கல்லூரி அணிக்கு நெடுங்காலம் நாலரை முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதைத்தான் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது விதிகள் மாறிவருகின்றன. எந்தக் கல்லூரி, எவ்வளவு உதவித்தொகை, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் வாங்கிய பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும்.

சங்கத்துக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது வேறு. கல்லூரியை முடித்து 22 வயதில் வெளியே வருபவருக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், பயணச் செலவு மூன்றுக்கும் உறுதி வேண்டும். காயம் பட்டால் அந்த உதவி நிற்கக் கூடாது, இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் வீரனுக்கு வருமானமே இல்லாத காலம் அதுதான். தமிழ்நாடு அரசு செஸ் ஒலிம்பியாட்டையும் பெண்கள் டென்னிஸையும் சென்னைக்குக் கொண்டுவந்து நடத்திக் காட்டியிருக்கிறது. ஆண்கள் ஏ.டி.பி. போட்டியையும் நுங்கம்பாக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டும். அதுவரை சேலஞ்சர்களை அடுத்தடுத்த வாரங்களில் சென்னை, மதுரை, கோவை என்று நடத்தினால், நம் பிள்ளைகள் ரயிலில் போய்ப் புள்ளி சேர்க்கலாம்.

சோம்தேவ் ஏ.டி.பி. பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை. அதை வைத்து அவரை அளப்பவர்கள், அவர் எந்தக் கையோடு, எத்தனை பேர் துணையோடு அந்த 62ஆம் இடத்துக்கு ஏறினார் என்று பார்ப்பதில்லை. கல்லூரி அவரைத் தயாராக்கி அனுப்பியது, சென்னை ஒரு கதவைத் திறந்தது, மீதியை அவர் கால்களே செய்தன. தோள் விழுந்த நாளில் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு இருந்திருந்தால் எட்டரை ஆண்டு பன்னிரண்டு ஆகியிருக்கும், பதினைந்தும் ஆகியிருக்கும். தக்‌ஷிணேஸ்வரும் அவருக்குப் பின்னால் வரும் பிள்ளைகளும் இன்று ஆடுகிறார்கள். அவர்களுக்கு அந்த அமைப்பைக் கட்டித் தர இன்னும் நேரம் இருக்கிறது.